நாலு புள்ளி மூன்று

டங்... டங்... டங்.

உள்ளறையில் எவர்சில்வர் டம்ளர் கட்டில் கம்பியில் மோதும் சத்தம். பாக்கியலட்சுமிக்குத் தாகம். இரண்டு கண்ணிலும் கட்டு, வெந்துபோன உதடு. மூன்று வாரமாக அந்தத் தட்டல்தான் அவளுடைய குரல்.

கூடத்தில் அவள் கணவன் சந்திரமோகன் எழுந்திருக்கவில்லை. எதிரே சாத்துக்குடிப் பையோடு ஆலை இன்ஜினியர் கோபிநாத். நடுவில் ஒரு தாள்.

சேதராப்பட்டு காகித ஆலையில் 'வால்வு' சந்திரமோகனை அறியாதவர் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக நீராவிக் கட்டுப்பாடு அவன் கையில். கன்ட்ரோல் ரூமில் கண்ணை மூடிக்கொண்டு, சுவருக்கு அப்பால் வால்வு திறந்து மூடுவதைக் கேட்டே சூட்டைச் சொல்லிவிடுவான்.

வால்வு எத்தனை முரட்டுத்தனமாகச் சூட்டைத் துரத்த வேண்டும் என்பதற்குக் கணினியில் ஓர் எண் உண்டு. நாலு வரைக்கும் வால்வு ஆடினாலும் தானே அடங்கிவிடும். அதற்குமேல் நம்பக்கூடாது என்று அவன் காதுதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

உற்பத்தி போதவில்லை என்று கோபிநாத் வந்து நின்றான். சந்திரமோகன் நாலு புள்ளி ஒன்று வைத்தான். ஒன்றும் ஆகவில்லை. மறுவாரம் நாலு புள்ளி இரண்டு. காகிதம் சீக்கிரம் காய்ந்தது. முதலாளி கை குலுக்கினார். காகிதத்தைக் காயவைக்கும் நீராவி உருளைகளுக்குப் பக்கத்தில் வேலை பார்த்த பாக்கியலட்சுமிதான் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்.

"வால்வு சத்தம் சரியில்லீங்க. ஒரு தடவ நீளமா அடிக்குது, ஒரு தடவ குட்டையா அடிக்குது."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று கேலி செய்தான்.

மூன்றாவது முறையும் ஏற்றியது அதே துளி அளவுதான். நீளம், குட்டை என்ற கணக்கெல்லாம் போய், வால்வு வெறிபிடித்தது போல அடித்தது. எண்ணைக் குறைக்க விரல் போவதற்குள் குழாய் மூட்டு பிளந்தது. சுவருக்கு அப்பால் எழுந்த அலறல் யாருடையது என்று, பாழாய்ப்போன அந்தக் காது உடனே கண்டுகொண்டது.

தரையில் போட்டிருந்த மஞ்சள் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டி பாக்கியலட்சுமி நின்றதுதான் விபத்துக்குக் காரணம் என்று இப்போது தாள் சொன்னது. சாட்சிக் கையெழுத்தைக் கணவன் போட வேண்டும்.

"ஏத்தச் சொன்னது நீங்கதான தம்பி."

"எழுதிக் குடுத்தனாண்ணே?" கோபிநாத் குரலை உயர்த்தவே இல்லை. "மூணு தடவயும் ஒங்க பாஸ்வேர்டு. விசாரணை வந்தா நீங்கதான் உள்ள போவணும். அப்புறம் அண்ணிக்குத் தண்ணி குடுக்கக்கூட ஆளிருக்காது."

டங்... டங்...

மூன்று முறை ஒன்றும் ஆகாது என்று நம்பிய அதே விரல்கள் பேனாவை எடுத்தன. சந்திரமோகன் கையெழுத்துப் போட்டான்.

தட்டல் நின்றது.

"போட்டுட்டீங்களா?" உள்ளேயிருந்து கிழிந்த துணி போல ஒரு குரல்.

அவன் பேனாவை மூடி வைத்தான்.

"நான் கோட்டுக்கு இந்தப் பக்கந்தான் நின்னேன்."

கோபிநாத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "சாத்துக்குடி வச்சிருக்கேன் அண்ணி, ஜூஸ் போட்டுக் குடிங்க" என்றான். வாசலில் நிதானமாக ஷூ லேஸ் கட்டிக்கொண்டான்.

சந்திரமோகன் தண்ணீர்ச் செம்பைக் கையில் பிடித்தபடி, அந்தத் தட்டல் இன்னொரு முறை கேட்காதா என்று காத்து நின்றான். கேட்கவில்லை. பைக் தெருமுனை திரும்பியதும் கதவைச் சாத்தினான்.