வெள்ளைச் சட்டையில் கொட்டிய சொதி

மீன் வெட்டிய கையில் தேசிக்காய்ப் பாதியைத் தேய்க்கும்போது எழுகிற மணம் மூக்கில் ஏறினால், இன்றைக்கும் எனக்கு நான் மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை பெற்று முதல் நன்மை வாங்கிய நாளுக்கு முந்தின நாள் காலைதான் நினைவுக்கு வருகிறது.

தலைமன்னாரில் எங்கள் ஒழுங்கைக்கு ஒரேயொரு முதல் நன்மைச் சட்டைதான் இருந்தது. பக்கத்து வீட்டு பிலோமினா மாமி தன் மூத்த மகளுக்கென்று கழுத்தில் "ரேந்தை"ப் பின்னல் வைத்துத் தைப்பித்த அந்த வெள்ளைச் சட்டையைத்தான் ஒழுங்கைப் பெண்பிள்ளைகள் எல்லோரும் முறைவைத்துப் போட்டோம். என் முறை வந்ததும் அதைக் கதிரையில் விரித்துவிட்டு நான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, இடியப்பக் கோப்பையோடு ஓடிவந்த தம்பி தடுக்கி விழுந்து, மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால் "சொதி" முழுவதையும் அதன் நெஞ்சில் கொட்டிவிட்டான்.

அப்போதுதான் கடலால் வந்திருந்த அப்பா, "உதென்ன பெரிய வேலையே, சவுக்காரம் போட்டாப் போயிடும்" என்று சட்டையை வாளிக்குள் அமுக்கித் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் கறை இரத்தச் சிவப்பாகியது. நான் வைத்த கூப்பாட்டில், கிணற்றடியில் மீன் வெட்டி முடித்து, கவிச்சி போகக் கையில் தேசிக்காய் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்தார்.

"ஐயோ, மஞ்சளாக் கிடந்ததை இந்த மனிசன் ரத்தமாக்கிப்போட்டுதே! பிலோமினாவின்ர முகத்தில நான் எப்பிடி முழிப்பன்?" என்று சட்டையைப் பறித்து நெஞ்சோடு அணைத்து அழுதார். பிறகு விரித்துப் பார்த்தால், அவருடைய ஈரக்கை பட்ட இடமெல்லாம் சிவப்புப் போய், ஐந்து விரலும் மஞ்சளாகப் பதிந்திருந்தன. வீட்டிலிருந்த தேசிக்காய் முழுவதையும் பிழிந்தோம். பழைய மஞ்சளே திரும்பி வந்தது. பிறகு நல்ல தண்ணீரில் அலசிக் கொடியில் போட, மிச்சத்தை உச்சி வெயில் உறிஞ்சிவிட்டது. பின்னேரம் இடப்பக்கத்தில் வெளிர் மஞ்சளாய் ஒரு பொட்டுத்தான் நின்றது.

சவுக்காரம் காரம், தேசிக்காய் அமிலம், மஞ்சள் இரண்டையும் நிறத்தால் காட்டிக்கொடுக்கும் என்று பிறகு பள்ளிக்கூடத்தில் படித்தேன். ஆய்வுகூடத்தில் அமிலம் பட்ட பாசிச்சாயத் தாள் நீலத்திலிருந்து சிவப்பானபோது மற்றப் பிள்ளைகள் வாய்பிளக்க, எனக்கு மீன் கவிச்சிதான் மணத்தது.

அம்மா அன்றே சட்டையைப் பிலோமினா மாமியிடம் கொண்டுபோய்க் காட்டி, நடந்ததைச் சொன்னார். மாமி விழுந்து விழுந்து சிரித்தார். "இதுக்கே அழுறாய்? பிள்ளையை நாளைக்குக் கோயிலில பிடிக்கிற மெழுகுதிரியை அந்தப் பொட்டுக்கு நேர பிடிக்கச் சொல்லு."

அப்படியே பிடித்தேன். எனக்குப் பிறகு அந்தச் சட்டையைப் போட்ட பிள்ளைகளுக்கும் அம்மாவே கோயில் வாசலில் நின்று மெழுகுதிரியை இடப்பக்கம் நகர்த்திவிடுவார். எங்கள் ஒழுங்கை வீடுகளில் மாட்டியிருந்த முதல் நன்மைப் படங்களில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில்தான் மெழுகுதிரி பிடித்திருந்தார்கள்.

இப்போது அம்மாவும் இல்லை, அந்தச் சட்டையும் இல்லை. பிள்ளைக்குப் பிள்ளை புதுச் சட்டை. போன ஞாயிறு தம்பியின் மகளுக்கு முதல் நன்மை. கோயில் வாசலில் என் கை தன்பாட்டில் நீண்டு, அவளுடைய மெழுகுதிரியை இடப்பக்கம் நகர்த்தியது.

"ஏன் மாமி?" என்று கேட்டாள்.

அவளுடைய சட்டையில் மறைப்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.