முதலைக்கு ஒதுக்கிய ஜாடி

கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர் என்பவன் பாடம் நடத்துகிறவர்களுக்கு ப்யூன், ப்யூன்களுக்கு சார். அந்த வேலையில் கைநகம் வரைக்கும் ஃபார்மலின் வாடை ஏறிய சகபாவிகளே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். எழுபதுகளில் ஆம்பூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எனக்கு நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

தண்ணீர் ஜாடி

ஆய்வகத்தில் ஒரு கண்ணாடி அலமாரியை நான் பிடித்து வைத்திருந்தேன். ஆமை, ஓணான், புறா, கோழி என்று வரிசையாக ஜாடிகள். ஒவ்வொன்றிலும் அந்தப் பிராணியின் மூளையும் உள்காதும் இருக்கும். மண்டை எலும்பை ஊசியால் துணுக்குத் துணுக்காகக் கிள்ளி எடுத்தால்தான் உள்காது முழுசாக வரும். கை கொஞ்சம் நடுங்கினாலும் ஒரு வாரப் பாடு போச்சு.

ஓணானுக்கு ஒலி கேட்கிற குழாய் குட்டை. பறவைக்கு அதுவே நீண்டு, லேசாக வளைந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் முதலை இருக்க வேண்டும். இன்றைக்கு உயிரோடு இருக்கிற ஊர்வனவற்றில் பறவைக்கு நெருங்கிய சொந்தம் அதுதான். அதன் காதும் மூளையும் ஓணானை விட்டுப் பறவைப் பக்கம் சாய்ந்திருக்கும். அந்த ஒன்று இருந்தால் போதும், நான் வாய் திறக்காமலே பிள்ளைகளுக்கு முழுக் கதையும் புரிந்துவிடும். அதற்காக 'முதலை' என்று சீட்டு ஒட்டி, ஃபார்மலின் ஊற்றி, ஒரு காலி ஜாடியும் வைத்திருந்தேன்.

எங்கள் துறைத் தலைவர் ஜெயசீலன்தான் விளையாட்டுக் கமிட்டிக்கும் தலைவர். கோப்பைகளை அடுக்க அவருக்கு ஒரு கண்ணாடி அலமாரி தேவைப்பட்டது. என் காலி ஜாடியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வர்ற ஜூனுக்குள்ள முதலை வரலேன்னா அலமாரியக் காலி பண்ணிடுங்க சாமுவேல். வெறுந்தண்ணிக்கு எதுக்குக் கண்ணாடி?"

கோழித் தலை

கோழித் தலைக்காக நான் தினமும் காலையில் கறிக்கடைக்குப் போவேன். வெட்டிப் போட்ட தலைகளில் கண் கலங்காததாகப் பொறுக்கி டிபன் பாக்ஸில் போட்டு எடுத்து வருவேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் ஊர் சும்மா இருக்குமா?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, பக்கத்துத் தெரு நர்சம்மா என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, என் காதில் விழும்படியே கேட்டார்: "இன்னாம்மா இது, காலேஜ்ல சம்பளம் அவ்ளோ கம்மியா? சாரு டெய்லி கோழித் தலை வாங்கிட்டுப் போறாராமே!"

சேமியா

பிராக்டிகல் பரீட்சைக்கு மெட்ராஸிலிருந்து தேர்வாளராக ஒரு எக்ஸ்டர்னல் வந்தார். விலங்கியலில் பெரிய பட்டம் வாங்கியவர். புறா ஜாடிக்கு முன்னால் அவரை நிறுத்தினேன். அதில் மூன்று அரைவட்டக் குழாய்களும் அறுபடாமல் நின்றன. பறக்கும்போது புறா தலைகுப்புற விழாமல் இருப்பது இந்தக் குழாய்களாலும், பின்மண்டையில் பருத்திருக்கிற சிறுமூளையாலும்தான் என்று ஆரம்பித்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரையே ஒரு ஜாடிக்குள் இறக்கியிருப்பேன். மனுஷன் காபியைக் குடித்துவிட்டு, போகிற போக்கில் எனக்கு யோசனை சொன்னார்: "பார்த்தா சேமியா மாதிரி இருக்கு மிஸ்டர். யானை எலும்பு, கீனை எலும்புன்னு பெரிசா எதனா வைங்களேன்."

சதுர அடி

எங்கள் கல்லூரித் தாளாளர் தோல் பதனிடுகிற டேனரிக்கு முதலாளி. தாராள மனசு. உடும்பு ஒன்று வேண்டும் என்று தெரியாத்தனமாக அவரிடம் கேட்டுவிட்டேன். அது உடும்புத் தோல் வியாபாரம் நடந்துகொண்டிருந்த காலம். இரண்டே நாளில் பார்சல் வந்தது. பிரித்தால், பளபளவென்று பதனிட்ட தோல். தலை இருக்க வேண்டிய இடத்தில் நேர்க்கோடாக ஒரு வெட்டு.

நேரே அவர் ஆபீசுக்குப் போனேன். எனக்குத் தலைதான் வேண்டும், தலையில்லாத பிராணி எனக்கு எதற்கு என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்து, நிதானமாக விளக்கினார்: "தோலு சதுர அடில விக்குது சார். தலைக்கு ஏது அடி? அத்த சுமந்துட்டு வந்தா லாரிக்காரன் பேஜார் பண்ணுவான்."

சர்க்கஸ் முதலை

மே மாதம் காட்பாடியில் டேரா போட்டிருந்த சர்க்கஸில் முதலை செத்துப்போனது. சேதி கேட்டதும் பஸ் பிடித்து ஓடினேன். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார் மேனேஜர். நான் ஃபோன் போட்டதும் தாளாளர் தன் லாரியையே அனுப்புவதாகச் சொன்னார். அன்று மதியம் பிராக்டிகல் பரீட்சை. லாரியோடு வருகிறேன் என்று ஜெயசீலனிடம் ஃபோனிலேயே கெஞ்சினேன். அவர் விடவில்லை. மறுபடியும் வந்திருந்த சேமியா மனிதருக்கு டிபன் வாங்கிக் கொடுக்க ஆள் வேண்டுமாம். லாரி வந்ததும் டிரைவரிடம் நேராக ஆய்வகத்துக்கு வரச் சொல்லிவிட்டு, கல்லூரிக்குத் திரும்பி, ஜாடியைக் கழுவி, புது ஃபார்மலின் ஊற்றிக் காத்திருந்தேன்.

ஆய்வகத்துக்கு லாரி வரவில்லை. முதலை வெயிலில் கெட்டுவிடும் என்று தாளாளர் லாரியை டேனரிக்கே திருப்பச் சொல்லிவிட்டாராம். சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது முதலை சுண்ணாம்புக் குழியில் கிடந்தது. அதில் இறங்கினால் தோல்தான் மிஞ்சும், மூளையும் உள்காதும் உருப்படியாகக் கிடைக்காது. வேலையாட்கள் பார்க்க, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

ஜூனில் கல்லூரி திறந்த அன்று முதலை வந்தது. கண்ணாடிக் கண், திறந்த வாய், வார்னிஷ் பூசிய பல். காதுத் துளைக்குள் விரலை விட்டேன். விரல் தடையில்லாமல் வாய்க்குள் வந்து நின்றது. காது, மூளை எதுவும் மிச்சமில்லை. அதற்குள் ஜெயசீலன் என் ஜாடிகளைக் கைகழுவும் தொட்டிக்கு அடியில் தள்ளச் சொல்லி, அலமாரியில் முதலையைக் குறுக்காகப் படுக்க வைத்தார்.

கத்தவேண்டும் போலிருந்தது. முதலையோடு வந்திருந்த தாளாளர் என் தோளில் கை போட்டு, சந்தோஷமாகச் சொன்னார்: "நீங்க அன்னிக்குத் தலை கேட்டு பேஜாரானீங்கல்ல, அதான் தலையோட பண்ணச் சொன்னேன். உள்ள இருந்த அழுக்கெல்லாம் சுத்தமா எடுத்தாச்சு சார்."

தோலுக்கு மட்டுமே விலை போடுகிற சீமையில், தலைக்குள் இருப்பதை நம்பிப் பிழைக்க வந்தது என் தப்புதான்.