எர்மிலோ விட்டுக்கொடுத்த முறை

எர்மிலோ பாஸ்கேஸை நல்லவர் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நியாயக்காரர் என்று சொல்லலாம். முப்பது ஆண்டுகள் தண்ணீர் லாரி ஓட்டியவர். ஒரு வீட்டுக்குக்கூட வரிசை மாற்றி ஊற்றியதில்லை.

வட மெக்சிகோவின் கோவாவிலாவில் அவர் தெருவில் வீட்டுக்கு ஒரு பீக்கன் கொட்டை மரம். அக்டோபர் கடைசியில் நிகானோர் தன் ஆட்களோடு நீளக் கழிகளைத் தூக்கிக்கொண்டு வருவான். கிளைகளைத் தட்டிக் கொட்டை உதிர்க்க வீட்டுக்கு அரை நாள். முறையை விட்டவர் பட்டியலின் கடைசிக்குப் போய்விடுவார். அதற்குள் காக்கைகள் பாதியைத் தின்றிருக்கும். இந்த ஆண்டு எர்மிலோ ஆகஸ்டிலேயே போய் முதல் முறையைப் பிடித்துவிட்டார். பள்ளியில் சமைக்கும் அடுத்த வீட்டு எடெல்வினாவுக்கு இரண்டாவது. முறையை மாற்றிக்கொள்ளக் கேட்டும் எர்மிலோ மறுத்துவிட்ட கோபத்தில் எடெல்வினா அவரோடு பேச்சையே நிறுத்தியிருந்தார்.

நிகானோர் வருவதற்கு முந்தின மாலை எர்மிலோ மரத்தடியில் தார்ப்பாய் விரிக்கும்போது வடக்கிலிருந்து மொனார்க் பட்டாம்பூச்சிகள் இறங்கின. ஆண்டுதோறும் ஊருக்கு மேலே தெற்கு நோக்கிப் போகிறவைதான். அவர் கொல்லையில் தங்கியதில்லை. பொழுது சாய்வதற்குள் தாழ்ந்த கிளைகளிலெல்லாம் சருகுபோலக் கொத்துக்கொத்தாகத் தொங்கின. எண்ணத் தொடங்கியவர் நானூறோடு விட்டுவிட்டார்.

காலை ஏழுக்கு நிகானோர் வந்து நின்றான். நல்ல குளிர். வெயில் பட்டுச் சூடேறாமல் அவற்றால் பறக்க முடியாது. தட்டினால் கொட்டையோடு கொட்டையாகப் பாயில் விழும். பத்து மணி வரை பொறுக்கச் சொன்னார் எர்மிலோ. பூச்சி எழுந்திருக்கக் காத்திருந்தால் தன் ஆட்கள் எப்போது சாப்பிடுவது என்று கேட்டான் நிகானோர்.

"தட்டவா, அடுத்த வீட்டுக்குப் போகவா? ஒண்ணு சொல்லுங்க, தோன் எர்மிலோ."

எர்மிலோ மதில் ஓரம் போய்க் கூப்பிட்டார். இரண்டு தடவை எடெல்வினாவின் காதில் விழவில்லை.

"தோன்யா எடெல்வினா, என் முறைய நீங்க எடுத்துக்குங்க. மத்தியானத்த எனக்குக் குடுங்க."

"செத்தாலும் மாத்த மாட்டேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"இன்னும் உயிரோடதான இருக்கீங்க?"

"பூச்சிங்க தூங்குது" என்றார் எர்மிலோ. அது அவருக்கே அசட்டுத்தனமாகப் பட்டது.

எடெல்வினா மாவுக் கையோடு வந்து எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சரி. ஆனா அதுங்க கிளம்புறத நானும் அங்க வந்து பாப்பேன். நாற்காலி எடுத்துப் போடுங்க."

அடுத்த கொல்லையில் கழிச்சத்தம் தொடங்கியது. இங்கே இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். இந்த முறை கோபத்தால் அல்ல. பத்தை நெருங்கும்போது வெயில் தாழ்ந்த கிளையைத் தொட்டது. ஒன்று சிறகை விரித்து மூடியது. பிறகு பத்து, நூறு. மரமே மூச்சு விடுவதுபோல் இருந்தது. கொத்துகள் அவிழ்ந்து செம்மஞ்சளாக எழும்பி, கூரையைத் தாண்டித் தெற்கே போயின. அடுத்த கொல்லையில் சத்தம் நின்றுவிட்டிருந்தது; ஆட்கள் அண்ணாந்து நின்றார்கள்.

"கழியெல்லாம் தூங்குதா நிகானோர்?" என்று கேட்டார் எடெல்வினா, மேலே பார்த்தபடியே.

மத்தியானம் எர்மிலோவின் பாய் நிறைந்தது. அடுத்த ஆண்டும் முதல் முறை அவருக்குத்தானே என்று நிகானோர் கேட்டான்.

"அவங்க பேர எழுது. எனக்கு மத்தியானம்."

"அதுங்க வராட்டி?" என்றார் எடெல்வினா.

"வராட்டியும் மத்தியானந்தான்."

எடெல்வினா அதைப் பாராட்டவில்லை. பாயின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினார்.