எண்டர் தட்டிய இடத்தில் ஒரு கட்டம்

மானிட்டர் சூடானால் ஒரு வாசனை வரும்... புது பிளாஸ்டிக் வாளியை வெயிலில் வைத்த மாதிரி.

எங்கள் ஊர் வாசகசாலையில் அந்த வாசனை முதன்முதலாக வந்தது, கோவிந்தாபுரம் ரோட்டில் பெரிய புளியமரம் சாய்ந்து பஸ் எல்லாம் சுற்றிப் போன வருசம். எங்கள் எருமை இரட்டைக் கன்று போட்டதும் அதே வருசம்தான். அது எந்த வருசம் என்று நம்பர் கேட்காதீர்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுகிறேன், போன் எழுதுகிறது.

எங்கள் ஊர் எலப்புள்ளிப் பக்கம். மாரியம்மன் நோன்புக்கு கோவிந்தாபுரத்துப் பெண்கள் ஜீப்பில் வந்து இறங்குவார்கள். அவர்கள் ஒரு வட்டம், எங்கள் பெண்கள் ஒரு வட்டம். ஒரு பக்கம் கும்மி பாடினால், அதே பாட்டை, அதே தட்டில், மறுபக்கம் திருப்பிப் பாட வேண்டும். கை தவறினால் வட்டம் கலைந்துவிடும். கடைசி வரை நிற்கிற பக்கம்தான் முதல் மாவிளக்கு ஏற்றும்.

கொஞ்ச வருசமாக அவர்களேதான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருசம் பார்த்து, எங்களுக்கு முன்பாட்டுப் பாடுகிற கருப்பாத்தாள், தன் மகளுடைய பிரசவத்துக்குத் திருப்பூர் போய்விட்டாள். யார் பாடுவது?

என் வீட்டுக்காரி பாப்பாத்தி எழுந்தாள்.

"நானு பாடறேன்."

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். குரல் நல்ல குரல். ஆனால் பாட்டு மண்டையில் நிற்காது. எனக்கு நிற்கும், ஒரு தடவை கேட்டால் போதும். என்ன செய்ய, ஆம்பளை கும்மி வட்டத்துக்குள் போகக் கூடாது.

என் அக்கா மகன் தங்கவேலு அப்போது கஞ்சிக்கோட்டில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான்.

"பாட்டை நீங்க சொல்லுங்க மாமா. பெரிய பெரிய எழுத்தா ஸ்க்ரீன்ல காட்டற மாதிரி நானே ஒரு சாஃப்ட்வேர் பண்ணித் தர்றனுங்க. அத்தை பாத்துப் பாடட்டும்."

வாசகசாலைக்குப் புதுசாக வந்த கம்ப்யூட்டரில், நான் சொன்னேன், அவன் தட்டினான்.

கொத்துக் கொத்தாய்ப் பனங்காயாம்
கோயில் வாசல் பந்தலாம்
பத்து விரலும் சேர்ந்தடிச்சா
பாதை எல்லாம் மழையாம்...

ஒவ்வொரு வரி முடிவிலும் எண்டர் பட்டனை ஒரு தட்டு. நாலு வரி முடிந்தால் ரெண்டு தட்டு.

அவனுடைய சாஃப்ட்வேரைத் திறந்தால் வரியே இல்லை! மூட்டையில் பஞ்சை அமுக்கின மாதிரி எல்லாம் ஒரே கொத்தாகக் கிடந்தது. திரையின் ஓரம் முட்டிய இடத்தில் வார்த்தை தானாகக் கீழே குதித்தது. வரி உடைய வேண்டிய இடத்தில் ஒரு குட்டிக் கட்டம். ரெண்டு தட்டுத் தட்டிய இடத்தில் ரெண்டு கட்டம்.

பாப்பாத்தி நாலாவது வரை தமிழ் படித்தவள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"என்றா சாமி இது, பாட்டுக்கு நடுவால தீப்பெட்டி தீப்பெட்டியா இருக்குது?"

"அது எண்டருங்க அத்தை. டைப் பண்ற எடத்துல வரி உடையுது. காட்டற எடத்துல உடையாம கட்டமா நிக்குது. சரி பண்ணிக் கொண்டாறேன்."

அவன் ஷிப்டுக்குப் போய்விட்டான்.

பெண்கள் காத்திருக்கவில்லை. பாப்பாத்தியே முடிவு பண்ணிவிட்டாள். "ஒரு கட்டம் வந்தா ஒரு தட்டு. ரெண்டு வந்தா ரெண்டு. அவ்வளவுதானுங்க அக்கா, வாங்க!"

நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். சடசடவென்று ரெட்டைத் தட்டு. எங்கள் கும்மியில் அப்படி ஒரு தட்டே கிடையாது. சொல்லலாம் என்று வாயெடுத்தேன்... கேட்க நன்றாக இருந்தது. விட்டுவிட்டேன்.

நோன்பன்று மத்தியானம் தங்கவேலு ஓட்டமாக வந்தான். எல்லாம் சரி பண்ணிவிட்டானாம். திறந்து காட்டினான். வரி வரியாக, உழுத சால் மாதிரி அத்தனை அழகு. பெண்கள் பாடிப் பார்த்தார்கள்... ரெட்டைக் கட்டம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. ஒருத்தி தட்டினாள், ஒருத்தி தட்டவில்லை, ஒருத்தி பாதிக் கையோடு நின்றாள்.

"எங்க கட்டத்தை எங்கடா காணோம்?"

"அத்தை, அது தப்புங்க. இதுதான் சரி."

"தப்போ, சரியோ... எங்க கை அதுலதான் பழகிக் கெடக்குது. பழசையே போடு!"

பாவம், சரி பண்ணினதைத் திருப்பிக் கெடுத்துக் கொடுத்தான்.

சாயங்காலம் மைக்செட்காரரிடம் ஒயர் வாங்கி, கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து கோயில் முன்னால் பெஞ்சு மேல் வைத்தோம். கோவிந்தாபுரத்துக்கு முன்பாட்டுப் பாடுகிற ராமாத்தாள் ஜீப்பை விட்டு இறங்கும்போதே பார்த்துவிட்டாள்.

"ஏன்டி பாப்பாத்தி, டிவியப் பாத்துப் பாடப் போறீங்களா? கரண்டு போனா வாயும் போயிருமா?"

"போனா உன்ற வாயில இருந்து ஒயர் இழுத்துக்கறோம். அதுதான் நிக்காம ஓடிட்டே இருக்குதே!"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. ஆனால் பாப்பாத்தியின் விரல்கள் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தன. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பாடினார்கள். பனங்காய், பந்தல், மழை... சட் சட்! ரெட்டைத் தட்டு. கோயில் சுவரில் பட்டுத் திரும்பியது.

அடுத்து ராமாத்தாள் முறை. வார்த்தை எல்லாம் சரியாகப் பிடித்தாள். நாலாம் வரி முடிவில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டாள். பின்னால் இருந்தவள் ரெண்டு தட்டினாள். அதற்குப் பின்னால் இருந்தவள் முன்னவள் முதுகில் மோதினாள். வட்டம் கலைந்தது.

"இதெங்கடி படிச்சீங்க?" ராமாத்தாளுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

"கம்ப்யூட்டர்ல!"

முதல் மாவிளக்கு பாப்பாத்தி ஏற்றினாள். தங்கவேலு என் காதில் சொன்னான். "மாமா, ஜெயிச்சது நானு பண்ணின தப்புங்க. வெளியில சொல்லீராதீங்க."

இப்போது நான் பேசுவதைப் போன் மூச்சு விடாமல் ஒரே நீட்டாக எழுதுகிறது. உங்களுக்கு அனுப்பும் முன் பேத்தி கேட்பாள், "தாத்தா, எங்க வரி உடைக்கட்டும்?" நான் இழுத்த இடத்தில் புள்ளி வை, நிறுத்திய இடத்தில் உடை என்பேன். ஒரு தொடலில் உடைகிறது. கட்டம் கிட்டம் ஒன்றும் வருவதில்லை. சுகம்தான். ஆனால் இந்தப் போனைச் சுற்றி நின்று யாரும் கை தட்டிப் பார்ப்பதில்லை.

ஊரில் சின்னப் பெண்கள் நோன்புக்கு இன்னும் அந்த ரெட்டைத் தட்டுத் தட்டுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "அது அப்படித்தானுங்க" என்கிறார்கள்.

வாசகசாலையில் அந்தத் திரை முன்னால் உட்கார்ந்த பெண்கள் எல்லோரும் பாப்பாத்திக்கு மூத்தவர்கள். ஒவ்வொருத்தராகப் போய்விட்டார்கள். மிச்சம் ஒருத்திதான். உள்ளே அடுப்படியில், எனக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருக்கிறாள்.

பாப்பாத்தி.