கிளைடருக்கு ஒரு ரேடியோ தேடிய நாட்கள்

சூப்பர் குளூ வாசம். கண்ணை எரிக்கும்... ஆனாலும் ஜன்னலைத் திறக்க முடியாது. திறந்தால் கட்டுகஸ்தோட்டைப் பாலத்து பஸ் ஹார்ன்களோடு மழைச்சாரலும் உள்ளே வந்து, பால்சா என்ற இலேசான மரத்தின் தூளை மெத்தை முழுக்க ஒட்டிவிட்டுப் போகும்.

அந்த வாடகை அறையில்தான் என் முதல் கிளைடரைக் கட்டினேன். எஞ்சின் இல்லாத, சின்ன மாதிரி விமானம். மலைச் சரிவில் மோதி மேலே ஏறும் காற்றில் மிதக்கும். கீழே நின்று ரேடியோவால் திருப்ப வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து இந்த மலைநாட்டு ஊருக்கு மாற்றலாகி வந்த புதிது. நில அளவை வரைபடம் வரையும் வேலை. அலுவலகத்தில் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் என் சிங்களம் 'சாப்பிட்டீங்களா'வோடு தீர்ந்துவிடும். வெள்ளி மாலை அறைக் கதவைச் சாத்தினால், ஞாயிறு காலை கடையில் பாண் கேட்கும்போதுதான் என் குரலை நானே கேட்பேன்.

நஸீரைச் சந்தித்தது அவருடைய வாப்பாவின் ஹார்ட்வெயார் கடையில். என் வயதுதான் இருக்கும். நான் அடிக்கடி போய் மிக நைசான சாண்ட்பேப்பர் கேட்பதைக் கவனித்திருக்கிறார்.

"இந்த சைஸ் ஒருத்தரும் கேக்க மாட்டாங்களே... என்ன செய்யிறீங்க?"

"பிளேன்..." என்றேன். சொல்லவே வெட்கமாக இருந்தது.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பின்னால் போய், பிவிசி குழாய்களுக்கு இடையிலிருந்து ஒரு நீளமான சிவப்பு இறக்கையை உருவி எடுத்துக்கொண்டு வந்தார்!

அதன் பிறகு என் மாலைகள் அந்தக் கடையின் பின்பக்கம்தான். கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளிகளில் உட்கார்ந்து, பால் விடாத பிளேன்டி குடித்தபடி, எந்த ரேடியோ வாங்குவது என்று பேசுவோம். நீள ஆன்டெனாவை இழுத்துவிடும் பழைய செட்டா, புதிதாக வந்த குட்டை ஆன்டெனா செட்டா? அதில் எங்களுக்குச் சண்டையில்லை. புதியதுதான். பக்கத்தில் ஒருவர் பறக்கவிட்டாலும் சிக்னல் குழம்பாது.

சண்டை வந்தது மோடில்.

ரேடியோவில் இரண்டு குச்சிகள் உண்டு. விமானத்தின் மூக்கை மேலும் கீழும் அசைக்கும் குச்சி மோட் ஒன்றில் இடக்கைக்கு வரும். மோட் இரண்டில் வலக்கைக்கு. வாங்கும்போதே ஒன்றைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். கை ஒன்றுக்குப் பழகிவிட்டால் பிறகு மற்றது வராது. நஸீருடையது மோட் ஒன்று. வாகன வியாபாரத்துக்கு ஜப்பான் போய்வந்த அவருடைய மச்சான் கொண்டுவந்த செட். அங்கே அதுதான் வழக்கமாம்.

"இன்டர்நெட்டில எல்லாரும் ரெண்டாவதுதான் நல்லது எண்டு எழுதியிருக்கினம்," என்றேன்.

நஸீர் கிளாசைக் கீழே வைத்தார்.

"அவங்க எல்லாரும் கலஹா மலைக்கு வந்து ஒங்களோட நிப்பாங்களா சிவா? நான்தானே பக்கத்துல நிக்கப் போறேன்."

அப்படி ஒருவர் சொல்லி வெகுகாலமாகியிருந்தது. மோட் ஒன்றையே வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேராதனை போய் கலஹா பஸ் பிடிப்போம். இறக்கைப் பெட்டியைப் பார்த்த கண்டக்டர், சங்கீதக் கச்சேரியா என்று கேட்டார். நஸீர் கொஞ்சமும் சிரிக்காமல் ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

ஒரு நாள் தேயிலைச் சரிவுக்கு மேலே காற்று பிரமாதமாக இருந்தது. கிளைடர் ஏறியது... ஏறிக்கொண்டே போனது. சந்தோஷத்தில் அப்படியே ஏற விட்டுவிட்டேன். திடீரென்று பின்னாலிருந்து மேகம் இறங்கியது. கிளைடர் ஒரு சின்னக் கோடாகிவிட்டது. வருகிறதா போகிறதா என்றே தெரியவில்லை.

"நஸீர், எனக்கு விளங்கேல்ல... எந்தப் பக்கம் பாக்குது எண்டு தெரியேல்ல!"

"தாங்க இங்க. பயப்படாதீங்க, நான் பாக்குறேன்."

என் கையிலிருந்த ரேடியோவை வாங்கிக்கொண்டார். மூக்கைத் தாழ்த்தி, பெரிய பெரிய வட்டமாகச் சுற்றவிட்டு, மெதுவாக இறக்கினார். தேயிலைச் செடிகளின் மேல் வந்து விழுந்தது. இறக்கை நுனி மட்டும் கிழிந்திருந்தது. நான் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் நேரம் வரைக்கும் எழும்பவில்லை.

பிறகு நஸீரின் வாப்பா மவுத்தானார். அடக்கம் முடிந்து சில மாதங்களில் கடையைக் கைமாற்றிவிட்டு, மனைவியின் குடும்பம் இருந்த மெல்பனுக்கு நஸீர் போனார். போகிற அன்று என் அறை வாசலில் நின்று சொன்னது ஒன்றுதான்.

"தனியாப் போனா ரொம்ப ஒசரம் விடாதீங்க."

"ஓம்," என்றேன்.

விட்டதில்லை. இன்றுவரைக்கும்.

போன மாதம் பழைய ரேடியோ வேலை செய்யாமல் போனது. புதியதை ஃபோனிலேயே ஆர்டர் பண்ணினேன். யாரிடமும் கேட்கத் தேவையிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் வீடியோ இருக்கிறது. மோடைக்கூட நினைத்தபோது மாற்றிக்கொள்ளலாம். கிளைடர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ரேடியோவிலிருந்து ஒரு பெண் குரல் அவ்வப்போது இங்கிலீஷில் சொல்கிறது. சரிவில் என்னோடு பேசுவது இப்போது அந்தக் குரல் மட்டும்தான்...

முதல் நாள் பறக்கவிட்டு இறக்கிய பிறகு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று நஸீருக்கு ஃபோன் பண்ணினேன். புது ரேடியோவைப் பற்றிச் சொல்லத்தான் எடுத்தேன்.

"எங்க நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"கலஹாவில."

அந்தப் பக்கம் டிவியை நிறுத்துவது கேட்டது.

"ஒண்ணும் பேச வேணாம் சிவா. ஃபோனைக் கொஞ்சம் காத்துப் பக்கம் பிடிங்க."

பிடித்தேன். சரிவில் ஏறி வந்த காற்று என் சட்டையை அடித்துக்கொண்டிருந்தது. கை வலிக்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காதில் வைத்தபோது அவர் லைனில்தான் இருந்தார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இங்க சரியான குளிர்," என்றார்.