தேங்காய்ப்பால் பொங்குமா?

நாற்பத்தேழு வயசில் எனக்குச் சமையல் மறந்துபோனது. பன்னிரண்டு வயசிலிருந்து அடுப்பு ஊதினவள் நான். தெருவில் ஒரு விசேஷமென்றால் ரசத்துக்கு உப்புப் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். பாலும் தயிரும் நெய்யும் கிடையாது என்று ஆனதும், அந்தக் கைக்கு எதை எடுப்பது, எதில் போடுவது என்றே தெரியவில்லை.

விட்டதற்குக் காரணம் எங்கள் பால்காரரின் மாடு. கன்று செத்துப்போனதால் அதன் தோலில் வைக்கோல் அடைத்துக் கூடவே கொண்டுவருவார். மாடு அதை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். ஊரில் எல்லோரும் பார்க்கிற காட்சிதான், நானும் சொம்பை நீட்டி வாங்கியவள்தான். அந்த வருஷம் என் மகளுக்குத் தலைப்பிரசவம். குழந்தை பிறந்தது, அழவே இல்லை, அப்படியே போய்விட்டது. அது நடந்து கொஞ்ச நாளில் ஒரு காலை, மாடு அந்த வைக்கோல் கன்றின் காதை நக்குவதைப் பார்த்தேன். வெறும் சொம்போடு உள்ளே வந்துவிட்டேன். அதற்கப்புறம் பால் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

கறி மீன் எங்கள் வீட்டில் முன்னமே கிடையாது. இப்போது இதுவும் இல்லையென்றால் என்னதான் தின்பது? மோர்க்குழம்புக்குப் பதிலாகத் தேங்காயை அரைத்து எலுமிச்சம்பழம் பிழிந்து கொதிக்க வைத்தேன். கசந்து வழிந்தது. கோயில் இட்லியைத் தயிரும் நெய்யும் இல்லாமல் நல்லெண்ணெய் ஊற்றி அவித்தேன். நெசவுக்காரரான என் வீட்டுக்காரர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, "தறியில எடைக்குக் கட்டிக்கலாம், நல்லா கனமா இருக்குது" என்றார். சொல்லிவிட்டு அடுத்த தெருவிலிருந்த தன் அக்கா வீட்டுக்குத் தயிர்சோறு சாப்பிடப் போய்விட்டார். எனக்கு எரிந்தது. போகட்டும் என்று விட்டேன்.

பயம் பிடித்தது மகள் மறுபடியும் உண்டானபோதுதான். ஏழாம் மாதம் வளையல் போட்டுப் பிரசவத்துக்கு என்னிடம்தான் வரவேண்டும். என் நாத்தனார், அந்தத் தயிர்சோறு போட்ட அக்காதான், பிள்ளை இல்லாதவர், என் மகளை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். நேரே வந்து கேட்டார்: "பால் நெய்யி பொழங்காத வூட்ல புள்ளத்தாச்சிக்கு இன்னாத்தப் போடுவ?"

"போடறேன் அண்ணி, பாருங்க" என்றேன். அன்றிலிருந்து எள்ளை வறுப்பதும் கேழ்வரகை முளைகட்டுவதும் முருங்கைக்கீரையை ஆய்வதுமாக இருந்தேன். ஒவ்வொன்றையும் வாயில் போட்டு, இது போதுமா, இது அவளைத் தாங்குமா என்று யோசிப்பேன். ருசியே தெரியாது.

அந்தச் சமயம் பார்த்துத்தானா வீட்டை மாற்ற வேண்டிவரும்? பழைய வீட்டுச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். செவிலிமேட்டில் ஒரு வாடகை வீடு கிடைத்தது. புது வீட்டில் முதலில் பால் காய்ச்ச வேண்டும், அது பொங்கி வழிய வேண்டும். பால் திரிந்தால் அந்த வீட்டில் எதுவும் தங்காது என்பார்கள். வளையல் போட்டுக்கொண்டு மகள் நேராக அந்த வீட்டுக்குத்தான் வரப்போகிறாள்.

"நான் பசும்பால் எடுத்தாறேன், நீ தொட வேணாம், நான் காய்ச்சறேன்" என்றார் நாத்தனார். சரியென்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வைக்கோல் கன்று கண்ணிலேயே நின்றது. செத்த கன்றின் பாலை வைத்தா என் மகளை வீட்டுக்குள் அழைப்பேன்? மாட்டேன் என்றேன். மாமியார் வீட்டில் இருந்த மகளிடமே போய்க் கேட்டோம். "அம்மா இஷ்டம் அத்தை. இன்னா பாலோ, பொங்கிட்டா போதும்" என்றாள். குரலில் தெம்பே இல்லை.

தேங்காய்ப்பால் சுலபத்தில் பொங்காது. கெட்டிப்பால் கொதித்தால் திரியும், தண்ணிப்பால் சும்மா தளதளக்கும். பழைய வீட்டுச் சட்டியில் தினமும் காய்ச்சிக் காய்ச்சிப் பார்த்தேன். கடைசியில் இரண்டாம் பாலில் துளி அரிசிமாவைக் கரைத்து, கிளறாமல், தீயை ஒரே சீராக வைத்தால் நுரைத்து மேலே வந்தது. அடுத்தடுத்த நாளும் அப்படியே வந்தது.

அன்றைக்குக் காலையில் புதுவீட்டு விறகடுப்பில் பித்தளைப் பானை. பெரியவர்கள் கொஞ்சம் பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பருகே நானும் நாத்தனாரும் மட்டும். வளையல் போட்டுக்கொண்டு வந்த மகள் நிலைப்படியில் நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். வளையல் கையால் வயிற்றைப் பிடித்திருந்தாள்.

நுரை கட்டியது. இதோ வருகிறது என்று பார்த்தால், ஓரத்தில் ஒரு வெள்ளைத் திப்பி. அப்புறம் இன்னொன்று. கண்ணெதிரே மொத்தமும் திரிந்து, நீர் தனியாக நின்றது.

"பொங்கிச்சாம்மா?" என்று மகள் கேட்டாள்.

நாத்தனார் பானைக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. சட்டென்று ஒரு கரண்டி அள்ளிப் பானையின் விளிம்பில் விட்டார். அது வழிந்து நெருப்பில் சொய்யென்று விழுந்தது.

"பொங்கிச்சுடா கண்ணு, நல்லா பொங்கிச்சு. கண்ணைத் தொற" என்றார். மகள் திறந்து பார்த்து அழுதாள். நாத்தனார் பானையைத் தன் முந்தானையால் மூடிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்விட்டார்.

அதற்கப்புறம் அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தினமும் காலையில் வந்து, மகள் சாப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். என் கேழ்வரகுக் கூழில் குறையே சொல்லவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. என் பிடிவாதத்தால் ஒரு குழந்தை போகப்போகிறது என்று ராத்திரி பகலாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னதென்று யாரிடம் சொல்லுவேன்?

வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே பெஞ்சில் நாத்தனார் என் கையைப் பிடித்தார், பிடி இரும்பாக இருந்தது.

"அந்தப் பானைய அன்னிக்கு வெடிகாலையில புளி போட்டுத் தேச்சது நாந்தான்மா. பளபளன்னு இருக்கட்டும்னு. சரியா கழுவலயோ இன்னாவோ. புளி பட்டா எந்தப் பாலும் திரியும். எதுனா ஆச்சுன்னா அது என் தப்பு, உன்னுது இல்ல."

"இல்ல அண்ணி, என் பிடிவாதம்தான்" என்றேன். "நீங்க எடுத்தாந்த பாலைக் காய்ச்சியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

"அதே பானைதானே, அதுவும்தான் திரிஞ்சிருக்கும். நான் சொல்றேன் கேளு."

"நீங்க கேளுங்க முதல்ல."

அப்படி எவ்வளவு நேரம் மாறி மாறிப் பேசினோமோ. நர்ஸம்மா கதவைத் திறந்து, பெண் குழந்தை என்றாள். நாத்தனார் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழுதுச்சா? அத்த மொதல்ல சொல்லும்மா, அழுதுச்சா?"

நர்ஸம்மா எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்தாள்.

"இத்தனி நேரமா கத்திக்கினு இருக்குது. உங்க காதுல விழல?"