வலிக்காத விரல்

செருப்புத் தொழிற்சாலையின் ஒட்டும் பிரிவில் அவளைப் பசையக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு அதே மேசை, அதே தூரிகை, அதே டப்பா. அடித்தோலில் பசை தடவி, கொஞ்சம் உலரவிட்டு, மேல்தோலை வைத்து அழுத்தித் தள்ளிவிட வேண்டும். ஈரப் பசையில் தூசு ஒட்டினால் சரக்கு திரும்பி வந்துவிடும் என்று அந்த அறையின் ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள். செருப்பின் மேல் தூசு படியக் கூடாது. அதைச் செய்கிறவளின் நெஞ்சுக்குள் என்ன படிந்தாலும் யாருக்கும் கவலையில்லை. அதற்குப் பெயர் தரக் கட்டுப்பாடு.

மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதும் வீடு வெறிச்சோடிப் போயிற்று. ஒரு நாள் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். பஸ் ஓட்டுநரான கணவர் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பக்கத்து வீட்டுக்காரனோட ஏதாவது பகையா உனக்கு?"

"எனக்காக ஒண்ணு செய்யறேன். விடுங்க."

படிப்பு, வேலை, கல்யாணம் என்று எல்லாமே யாரோ சொல்லி நடந்தவை. இது ஒன்றுதான் அவளாக ஆசைப்பட்டது. ஒரே ஒரு பாட்டை, அடுத்த வீட்டுக்காரர் நின்று கேட்கிற மாதிரி வாசித்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

சைக்கிள் கடை மாடியில் கிட்டார் வகுப்பு நடத்திய பெண்ணுக்கு அவள் மகன் வயதுதான் இருக்கும். பெரியவள் என்று பாராமல் கறாராகச் சொன்னாள்.

"முதல்ல பாட்டெல்லாம் கிடையாதுக்கா. கம்பியை எங்க, எவ்வளவு அழுத்தணும்னு விரலுக்குத் தெரியணும். கழுத்துல குறுக்கே பதிச்சிருக்கற கம்பிக்கோடு இருக்கு பாருங்க, அதுக்கு ஒட்டினாப்ல, விரல் நுனியால. இது வந்துட்டா மத்ததெல்லாம் தானா வரும்."

"வலிக்குமா?"

"உயிர் போகும். பாதிப் பேர் அதுக்கே ஓடிடறாங்க. கம்பி அழக் கூடாது, நீங்க அழணும். அதான் முதல் பாடம்."

பசையக்கா அழவில்லை. அவளோடு சேர்ந்த கல்லூரிப் பையன்கள் விரலை ஊதுவதும் உதறுவதுமாக இருக்க, அவள் பாட்டுக்குக் கம்பியை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"உங்களுக்கு வலிக்கலையாக்கா?"

"எறும்பு கடிச்ச மாதிரி கூட இல்லையே! இது என்ன உங்க கை மாதிரி வெண்ணெய்க் கையா? உழைச்ச கை!"

வீட்டுக்கு வந்து கணவரிடம் பீற்றிக்கொண்டாள். தொழிற்சாலையிலும் சொன்னாள். அடுத்த மேசைக்காரி நெட்டை சந்தோஷத்தில் அவள் முதுகில் தட்டினாள். "பிறவிக் கலைஞி நீ! நம்மகூடச் சேர்ந்து வீணாப் போயிட்டே!"

வலிதான் வரவில்லையே தவிர, சத்தமும் வரவில்லை. ஒரு கம்பி மொத்தென்றது, ஒரு கம்பி கரகரத்தது. குனிந்து பார்த்துக்கொண்டே வைத்தால் விரல் சரியாக உட்காரும். நிமிர்ந்தால் எங்கோ போய்விடும். பையன்கள் ஒவ்வொருவராகப் பாட்டுக்குத் தாவ, அவள் முதல் பாடத்திலேயே கிடந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசிரியை பதறிப்போய்க் கூவினாள். "அக்கா, ரத்தம்!"

"யாருக்கு?" என்று பசையக்கா திரும்பிப் பார்த்தாள்.

அவள் மோதிர விரல் நுனியை மெல்லிய கம்பி அறுத்திருந்தது. கிட்டாரின் கழுத்தில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. துணியைச் சுற்றிவிட்டு ஆசிரியை அவள் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"கண்ணை மூடுங்க. எந்த விரலைக் கிள்றேன், சொல்லுங்க."

"நீ முதல்ல கிள்ளு, அப்புறம் கேளு."

பசையக்கா கண்ணைத் திறந்தாள். நடுவிரலில் இரண்டு நகங்களின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது.

அப்போதுதான் சட்டைப் பொத்தான் சில நாளாய்ப் போட வராதது அவளுக்கு நினைவுக்கு வந்தது. போன மாதம் வேலை முடிந்து ஒரு காலில் செருப்பு கழன்றது தெரியாமல் வீடுவரை நடந்து வந்ததும் நினைவுக்கு வந்தது. செருப்புக் கம்பெனிக்காரிக்குச் செருப்புக்குப் பஞ்சமா என்று தெருவே சிரித்தது. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

தொழிற்சாலை மருத்துவர் அவள் கையைத் தொட்டும் பார்க்கவில்லை.

"வேலை நேரம் போக வேற என்ன பண்றீங்க?"

"கிட்டார் கத்துக்கறேன் டாக்டர்."

அவர் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "அட, அதை முதல்லயே சொல்லக் கூடாதா? கம்பி அழுத்தி நரம்பு நசுங்கியிருக்கு. கிட்டாரை நிறுத்துங்க. விட்டமின் மாத்திரை தரேன்."

"காலும் மரத்துப் போகுதே டாக்டர். காலால நான் கிட்டார் வாசிக்கலையே?"

"வயசாகுதில்லம்மா" என்றார் அவர். மணி அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பல வருடம் படித்த மனிதர் அவர். மூடிய அறையில் நாள் முழுக்கப் பசை ஆவியைச் சுவாசித்தால் நரம்பு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சம்பளம் கொடுக்கும் இடத்தில் எது தெரியக் கூடாது என்பதும் தெரியும். சாயங்காலத்துக்குள் மேற்பார்வையாளர் காதுக்கு விஷயம் போய்விட்டது.

"என்ன பசையக்கா, கச்சேரி பண்ணி விரலைக் கெடுத்துக்கிட்டு கம்பெனி தலையில கட்டப் பார்க்கறீங்களாமே?"

வீட்டில் கணவரும் அதையேதான் சொன்னார். "அந்தச் சனியனைத் தூக்கிப் போடு. டாக்டர் பொய்யா சொல்வாரு?"

ராத்திரி முழுக்க அவளுக்கு ஒரே யோசனை. கிட்டாரைத் தொட்டே அறியாதவர்களுக்கும் மரத்திருந்தால்?

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் கிட்டாரோடு ஒட்டும் பிரிவுக்குள் நுழைந்தாள். பெண்கள் கைதட்டினார்கள். "பாட்டு, பாட்டு!"

"பாட்டு அப்புறம். ஒவ்வொருத்தியா வந்து இந்தக் கம்பியை அழுத்துங்கடி. நான் போதும்னு சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது."

நெட்டைதான் முதலில் வந்தாள். பலங்கொண்ட மட்டும் அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"இல்லையே! நானும் பிறவிக் கலைஞிதான்!"

ஒரே சிரிப்பு. அடுத்தவள் வந்தாள். வலிக்கவில்லை. அதற்கடுத்தவளும் அப்படித்தான். போட்டி மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தி கம்பியின் மேலேயே விரலைத் தேய்த்துக் காட்டினாள். சிரிப்பு ஏற ஏறப் பசையக்கா வலிக்காத விரல்களை எண்ணிக்கொண்டே வந்தாள்.

கடைசியாக, வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத புதுப்பெண் தயங்கித் தயங்கி விரலை வைத்தாள்.

"ஐயோ, அம்மா!" கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

சிரிப்பில் அறை அதிர்ந்தது. "புதுசுல்ல!" என்று நெட்டை அவள் கன்னத்தைக் கிள்ளினாள். "போகப் போகச் சரியாயிடும் கண்ணு."

"சிரிக்காதீங்கடி!" பசையக்கா கத்தினாள். "அவ ஒருத்திக்குத்தான் விரல் சரியா இருக்கு. நமக்கெல்லாம் செத்துக்கிட்டு இருக்கு. கிட்டாரால இல்ல, இந்தப் பசை வாடையால!"

சிரிப்பு நின்றது. எல்லோரும் அவரவர் விரலைப் பார்த்தார்கள். நெட்டை தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"சரிக்கா. தெரிஞ்சுக்கிட்டோம். இப்ப என்ன பண்றது? வேலையை விட்டுட்டுப் போயிடலாமா? போனா யாரு சோறு போடுவா?"

இடைவேளை முடிந்து மணி அடித்தது. மேற்பார்வையாளர் தூசு வருகிறதென்று கதவை இழுத்துச் சாத்தினார். அவள் கிட்டாரை மேசைக்கடியில் தள்ளிவிட்டுத் தூரிகையைத் தேடினாள். அது ஏற்கெனவே கையில்தான் இருந்தது.

எதிர் மேசையில் புதுப்பெண் வலித்த விரலை ஊதிக்கொண்டே டப்பாவின் மூடியைத் திறந்தாள்.